அனுப்பிவைத்தால் போய்ச் சேர்வாரா?

குடிநோய் சிகிச்சையில் அமெரிக்க வழியும் கோவா வழியும்

தினமும் இரவு ஒரு குவார்ட்டர் குடிப்பவர், கால் வீக்கத்துக்கோ வயிற்றெரிச்சலுக்கோ மாத்திரை வாங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறார். ஓ.பி. சீட்டு போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் அவரிடம் குடிப்பழக்கத்தை அளக்கும் ‘ஆடிட்’ கேள்வித்தாளைக் கொடுத்துப் பார்க்கலாம். 1980-களில் உலக சுகாதார நிறுவனம் ஆறு நாடுகளில் ஆய்வு நடத்தி உருவாக்கிய தாள் அது. மொத்தம் 10 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண்.

நம் ஊர்ப் பிராந்தியில் ஆல்கஹால் 42.8 சதவீதம். 180 மில்லி குவார்ட்டரில் தூய ஆல்கஹால் மட்டும் ஏறக்குறைய 61 கிராம் இருக்கும். 10 கிராமை ஓர் அளவு என்று கொண்டால் 6 அளவு. எத்தனை நாளுக்கு ஒருமுறை குடிக்கிறீர்கள் என்ற முதல் கேள்வியில் இவருக்கு 4. குடிக்கும் நாளில் எத்தனை அளவு என்ற இரண்டாவதில் 2. ஒரே தடவையில் 6 அளவோ அதற்கு மேலோ குடிப்பது எத்தனை முறை என்ற மூன்றாவதில் 4. மூன்று கேள்வியிலேயே 10 மதிப்பெண் வந்துவிட்டது. 8 வந்தாலே கவனிக்க வேண்டியவர். காலையில் எழுந்ததும் ஒரு கட்டிங் போட்டால்தான் கை நிதானப்படுகிறதா, நேற்று இரவு நடந்தது நினைவில்லாமல் போகிறதா, குடியால் யாருக்காவது அடிபட்டதா, குறைத்துக்கொள் என்று வீட்டில் யாராவது சொன்னார்களா என்று மீதிக் கேள்விகளும் சேர்ந்தால் 20-ஐத் தொடுவது பெரிய விஷயமில்லை.

ஆளைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். சிக்கல் ஆறாவது நிமிடத்தில்தான் தொடங்குகிறது. கண்டுபிடித்த ஆளை என்ன செய்வது? இதற்கு உலகம் கண்ட விடைகளில் எதிரெதிர்த் திசையில் நிற்பவை இரண்டு. ஒன்று, கண்டுபிடித்து, தரம் பிரித்து, முற்றியவரைச் சிறப்புச் சிகிச்சைக்கு அனுப்பிவைப்பது. அமெரிக்கா இதைத் தேசிய அளவில் செய்து பார்த்தது. மற்றொன்று, கண்டுபிடித்த இடத்திலேயே, சாதாரணப் பணியாளர் ஒருவரைக் கொண்டு சிகிச்சையைத் தொடங்கிவிடுவது. கோவாவில் இது சோதிக்கப்பட்டது. யார் பார்க்கிறார், எங்கே பார்க்கிறார், யார் விடுபட்டுப் போகிறார் என்ற மூன்று கோணங்களில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

அமெரிக்கா: தரம் பிரித்து அனுப்புதல்

அமெரிக்காவில் குடிநோய் சிகிச்சை நெடுங்காலம் பொது மருத்துவத்துக்கு வெளியே வளர்ந்தது. 1935-இல் தொடங்கிய ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’, 1949-இல் மினசோட்டாவில் தொடங்கிய ஹேசல்டன் இல்லம் ஆகியவற்றின் வழிவந்த மறுவாழ்வு மையங்கள் தனி உலகமாக இயங்கின. குடும்ப மருத்துவர் சர்க்கரையைப் பார்ப்பார், ரத்த அழுத்தத்தைப் பார்ப்பார். குடியைப் பார்ப்பது மறுவாழ்வு மையத்தார் வேலை. இரண்டுக்கும் நடுவிலிருந்த இந்தச் சுவரில் வாசல் வைக்க வேண்டும் என்று 1990-இல் அந்நாட்டு மருத்துவக் கழகத்தின் அறிக்கை ஒன்று வாதிட்டது. அளவுமீறிக் குடிப்பவரில் பெரும்பாலோர் முற்றிய குடிநோயாளிகள் அல்ல. அவர்களுக்குப் பொது மருத்துவரின் சில நிமிடப் பேச்சே பயன்படும். முற்றியவரை மட்டும் சிறப்பு மையங்களுக்கு அனுப்பலாம் என்பது அதன் சாரம்.

இந்தக் கருத்து 2003-இல் அரசுத் திட்டமானது. எஸ்.பி.ஐ.ஆர்.டி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் அதில் மூன்று படிகள்: எல்லோரையும் கேள்வி கேட்டுச் சலிப்பது, இடைநிலையில் இருப்பவரோடு சுருக்கமாகப் பேசுவது, முற்றியவரைச் சிகிச்சைக்குப் பரிந்துரைப்பது. ‘ஆடிட்’ கையேடும் இதே ஏணியைத்தான் காட்டுகிறது. 8 முதல் 15 வரை எளிய அறிவுரை. 16 முதல் 19 வரை ஆலோசனையும் தொடர் கண்காணிப்பும். 20-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ நிபுணரிடம் அனுப்பு.

முதல் கட்டத்தில் ஆறு இடங்களில் 4,59,599 பேரிடம் கேள்வி கேட்டார்கள். மதுவோ வேறு போதைப்பொருளோ சார்ந்த பிரச்சினை 22.7 சதவீதம் பேரிடம் தென்பட்டது. கேள்வி கேட்கப்பட்ட மொத்தப் பேரில் 15.9 சதவீதத்துக்குச் சுருக்கமான பேச்சு, 3.2 சதவீதத்துக்குச் சற்று நீண்ட ஆலோசனை, 3.7 சதவீதத்துக்குச் சிறப்புச் சிகிச்சைக்கான சீட்டு. அதாவது ஏறக்குறைய 17,000 பேர் கையில் சீட்டோடு வெளியே போனார்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டபோது குடி வெகுவாகக் குறைந்திருந்ததாகத் தெரிந்தது. ஆனால் இந்தத் திட்டத்துக்குள் வராத ஒரு குழுவை வைத்து அந்தக் கணக்கை ஒப்பிட வழியில்லை. அவரவர் சொன்னதே சான்று.

ஒப்பிடும் குழுவோடு நடந்த ஆய்வுகள் வேறு கதை சொல்லின. 2010-இல் ரிச்சர்ட் சைட்ஸ் தொகுத்துப் பார்த்த 16 ஆய்வுகளில் 14, மிகக் கடுமையாகக் குடிப்பவர்களையும் மதுவுக்கு அடிமையானவர்களையும் ஓரளவோ முழுவதுமோ சேர்க்காமல் விட்டவை. சுருக்கமான பேச்சு பலன் தரும் என்பதற்கான சான்றெல்லாம் நடுவாந்திரமாகக் குடிப்பவரிடமிருந்து வந்தது. முற்றியவரிடம் அது எடுபடுமா என்பதற்குச் சான்று கைவசம் இல்லை. சரி, பேச்சால் குடி குறையாவிட்டாலும், சிகிச்சைக்குப் போகவாவது அது தூண்டுமா? 2015-இல் ஜோசப் கிளாஸும் உடன் பணியாற்றியவர்களும் 13 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பேசப்பட்டவரும் பேசப்படாதவரும் சிறப்புச் சிகிச்சைக்குப் போய்ச் சேர்ந்த விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. திட்டத்தின் கடைசிப் படியான பரிந்துரை, தாளில் மட்டும் நடந்துகொண்டிருந்தது.

காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. மூட்டுவலிக்கு வந்தவரிடம் தொலைபேசி எண் எழுதிய தாள் ஒன்று தரப்படுகிறது. அவர் வேறொரு நிறுவனத்தை அழைக்க வேண்டும். காப்பீடு செல்லுமா என்று கேட்க வேண்டும். வரிசையில் காத்திருக்க வேண்டும். மறுபடி முதலிலிருந்து தன் கதையைச் சொல்ல வேண்டும். பலர் நடுவே உட்கார்ந்து தன்னைக் குடிநோயாளி என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அவரோ கொஞ்சம் குறைத்துக்கொண்டால் போதும் என்ற மனநிலையில் இருப்பவர். குடிநோய் இருந்தும் சிகிச்சை பெறாதவர்களில் மிகப் பெரும்பாலோர் தங்களுக்குச் சிகிச்சை தேவை என்றே நினைக்கவில்லை என்பது அந்நாட்டு அரசின் ஆண்டுக் கணக்கெடுப்புகளில் திரும்பத் திரும்ப வரும் செய்தி.

கோவா: கண்டுபிடித்த இடத்திலேயே

கோவாவின் தொடக்கப்புள்ளியே வேறு. இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. அனுப்ப நினைத்தாலும் அனுப்ப இடமில்லை. 1996-இல் கோவாவில் தொடங்கப்பட்ட ‘சங்கத்’ தொண்டு நிறுவனம் இந்தப் பற்றாக்குறையை வைத்தே ஒரு வழியைக் கட்டியது. விக்ரம் படேல், அபிஜித் நட்கர்ணி ஆகியோர் இதில் முன்னின்றவர்கள். மனநலப் பட்டமோ முன் அனுபவமோ இல்லாத உள்ளூர்க்காரர்களைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆலோசகர்களாக உட்காரவைத்தார்கள்.

2013 அக்டோபர் முதல் 2015 ஜூலை வரை 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆய்வுக்கு ஆள் சேர்த்தார்கள். ‘ஆடிட்’ மதிப்பெண் 12 முதல் 19 வரை உள்ள, 18 முதல் 65 வயது வரையான ஆண்கள் மட்டும், மொத்தம் 378 பேர். பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பைச் சற்று மேம்படுத்தித் தந்தார்கள்: அவர் எவ்வளவு குடிக்கிறார் என்ற முடிவும், உலக சுகாதார நிறுவனத்தின் சிகிச்சை வழிகாட்டியும் மருத்துவர் கைக்குப் போயின. மறுபாதிக்கு இதோடு ஆலோசகரின் சந்திப்புகளும் சேர்ந்தன. அதிகபட்சம் நான்கு சந்திப்புகள், வாரத்துக்கு ஒன்றோ இரு வாரத்துக்கு ஒன்றோ.

ஒவ்வொரு சந்திப்பின் அரைமணி, முக்கால்மணி நேரத்தில் நடப்பது உபதேசம் அல்ல. எவ்வளவு குடிக்கிறார், அதனால் உடம்புக்கும் சம்பாத்தியத்துக்கும் வீட்டுக்கும் என்ன ஆகிறது என்பதை அவர் சொன்னதை வைத்தே அவர் முன்னால் விரித்துக் காட்டுவது முதல் கட்டம். கூட்டாளி வற்புறுத்தும்போது மறுப்பது எப்படி, வேட்கை வரும்போது சமாளிப்பது எப்படி, கோபத்தையும் கவலையையும் பாட்டில் இல்லாமல் கடப்பது எப்படி என்று பழக்குவது இரண்டாவது கட்டம். மறுபடி சறுக்கினால் எழுவது எப்படி என்பது மூன்றாவது. ஆலோசகர்களின் தரத்தைக் காக்கவும் ஏற்பாடு இருந்தது. சந்திப்புகளைப் பதிவுசெய்து, சக ஆலோசகர்களே கேட்டு, ஒருவருக்கொருவர் மதிப்பெண் போட்டுத் திருத்திக்கொண்டார்கள்.

மூன்று மாதம் கழித்து, மதிப்பெண் 8-க்குக் கீழே இறங்கியவர்கள் ஆலோசனை பெற்ற குழுவில் 36 சதவீதம், மற்றதில் 26. கடந்த 14 நாளும் குடிக்காமல் இருந்தவர்கள் 42 சதவீதம், மற்றதில் 18. ஒரு வருடம் கழித்து இடைவெளி கூடியது: 8-க்குக் கீழே வந்தவர்கள் 54.3 சதவீதம், மற்றதில் 31.9.

இந்த வெற்றிக்குள் ஓட்டைகளும் உண்டு. குடியை விடாதவர்கள் குடித்த அளவு, மூன்று மாத முடிவில் இரு குழுவிலும் வேறுபடவில்லை. மனைவியை அடிப்பதும் குறைந்ததாகத் தெரியவில்லை. பெண்கள் ஆய்வில் இல்லவே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, வாசலிலேயே ஒரு கோடு கிழிக்கப்பட்டிருந்தது. 20-ஐத் தாண்டியவருக்கு இந்த ஆய்வில் இடமில்லை.

பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

இரண்டு இடத்துச் சதவீதங்களையும் அப்படியே நிறுத்துப் பார்க்க முடியாது. அங்கே லட்சக்கணக்கில் ஆணும் பெண்ணும், மதுவோடு வேறு போதைப்பொருளும். இங்கே சில நூறு ஆண்கள், ஒரு குறுகிய மதிப்பெண் வரம்பு. ஒப்பிடத் தக்கது வேலையின் அமைப்பு.

அமெரிக்க வழியில் திறமை கண்டுபிடிப்பதில் செலவாகிறது. அதற்குப் பிறகான தூரத்தை நோயாளியே நடக்க வேண்டும். கோவா வழியில் கண்டுபிடிப்பது தொடக்கம் மட்டுமே. கேள்வி கேட்ட கட்டடத்திலேயே, சில நாள் இடைவெளியில், அதே முகம் மறுபடி எதிரில் உட்கார்கிறது. மருத்துவருக்கு முடிவைச் சொல்லி வழிகாட்டியைக் கொடுத்தது கோவாவில் இரு குழுவுக்கும் பொது. வேறுபாட்டை உண்டாக்கியது தொடர்ந்து பேச ஓர் ஆள் இருந்ததுதான். தகவல் மட்டும் போய்ச் சேர்ந்தால் போதாது என்பதற்கு இதைவிடத் துல்லியமான சோதனை அமைவது கடினம்.

இதைக் கேட்பவர் ஒரு நியாயமான ஐயத்தை எழுப்பலாம். அமெரிக்காவில் பரிந்துரை தோற்றது காப்பீட்டுச் சிக்கலாலும் தூரத்தாலும்தானே? அந்த இரண்டையும் பெரும்பாலும் நீக்கிவிட்டால் அனுப்பும் வழியே வெல்லாதா? இதற்கும் விடை இருக்கிறது, அதுவும் அமெரிக்காவிலிருந்தே. முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவமனைகளில் பொது மருத்துவமும் குடிநோய் சிகிச்சையும் ஒரே நிறுவனத்தின் இரு துறைகள். டேவிட் ஆஸ்லின் குழு அங்கே குடிநோய் உள்ள 163 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதி வழக்கம்போல் சிறப்புப் பிரிவுக்குப் போனது. மறுபாதி பொது மருத்துவப் பிரிவிலேயே இருந்தது; ஒரு பணியாளர் அவர்களை வாரந்தோறும் அரைமணி சந்தித்து, குடிவேட்கையைத் தணிக்கும் நால்ட்ரெக்சோன் மாத்திரை கிடைக்கவும் ஏற்பாடு செய்தார். 26 வாரத்தில், பொதுப் பிரிவில் இருந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அந்த மாத்திரையைப் பெற்றிருந்தார்கள். சிறப்புப் பிரிவுக்கு அனுப்பப்பட்டவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர்தான். சிகிச்சையில் நிலைத்தவர்கள் முன்னதில் மிக அதிகம்; அளவுமீறிக் குடித்த நாட்களும் அதில்தான் குறைவு. 2014-இல் வெளியான இந்த முடிவு சொல்வது இதுதான்: தடை பணமும் தூரமும் மட்டுமல்ல. இன்னொரு வாசலைத் தட்ட வேண்டியிருப்பதே ஒரு தடை.

அதற்காக வாசலைத் தாண்டவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. இதே படைவீரர் மருத்துவமனைகளில் கேதரின் பிராட்லி குழு 304 பேரிடம் செய்த ஆய்வு 2018-இல் வெளியானது. செவிலியர் ஒருவர் ஓராண்டு காலம் தொடர்ந்து தொடர்பில் இருந்தார். சிகிச்சையில் ஈடுபட்டவர்கள் 42 சதவீதமாக உயர்ந்தார்கள். வழக்கமான கவனிப்பில் 26. ஆனால் குடியின் அளவில் இரு குழுவுக்கும் தெளிவான வேறுபாடு வரவில்லை. போய்ச் சேர்ந்ததையே தேறியதாகக் கணக்கெழுதுபவருக்கு இது எச்சரிக்கை.

இருபதுக்கு மேல்

இரண்டு வழிகளையும் இத்தனை தூரம் பின்தொடர்ந்தபின் ஒரு விசித்திரம் தெரிகிறது. திசை எதிரெதிராக இருந்தாலும் இரண்டும் விட்டுவிடும் ஆள் ஒருவரே. 20-ஐத் தாண்டியவர். அமெரிக்கத் திட்டம் அவரைச் சீட்டோடு வெளியே அனுப்புகிறது. கோவா ஆய்வு அவரை உள்ளே சேர்க்கவில்லை. யாருக்கு உதவி மிகவும் தேவையோ அவரைப் பற்றித்தான் நம் அறிவு மிகவும் மெலிந்திருக்கிறது.

அவரை வேறாக நடத்த மருத்துவக் காரணம் இருக்கிறது. பல வருடம் தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதற்கடுத்து நினைவு குழம்பிப் பிதற்றும் நிலை வந்தால் உயிருக்கே ஆபத்து. முன்பு வலிப்பு வந்தவர், ஈரல் கெட்டவர், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாதவர் ஆகியோரை உள்நோயாளியாக்கித்தான் ஆக வேண்டும். இங்கே அனுப்புவது கட்டாயம்.

ஆனால் 20-ஐத் தாண்டிய எல்லோருக்கும் இந்த ஆபத்து ஒரே அளவில் இல்லை. குடியை நிறுத்தும் அந்த ஒரு வாரத்துக்குப் பிறகு வரும் மாதங்களுக்கு நிபுணர் கட்டாயமும் இல்லை. 2006-இல் அமெரிக்காவில் 11 இடங்களில் 1,383 பேரிடம் நடந்த ‘கம்பைன்’ ஆய்வில், மாத்திரையோடு சுருக்கமான மருத்துவச் சந்திப்புகள் மட்டும் பெற்றும் நல்ல பலன் கண்டவர்கள் குடிநோயாளிகளே. பொது மருத்துவர் செய்யக்கூடிய அளவில்தான் அந்தச் சந்திப்புகள் வகுக்கப்பட்டிருந்தன.

இந்தியாவில் இந்த ஆள் படும் பாட்டை மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான கணக்கெடுப்பு காட்டியது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதேனும் ஒரு சிகிச்சையைப் பெற்றிருந்தார். உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். மனநல ஆய்வு நிறுவனமான நிமான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பும், மதுப் பிரச்சினை உள்ளவர்களில் 86 சதவீதம் பேருக்குச் சிகிச்சை எட்டவில்லை என்றது. 180-இல் ஒருவருக்கே படுக்கை கிடைக்கும் நாட்டில் ‘மேல்சிகிச்சைக்கு அனுப்பு’ என்று வழிகாட்டியில் எழுதுவது எழுதுபவரின் பொறுப்பைக் கழிக்குமே தவிர, நோயாளியின் பாதையைக் குறைக்காது.

முற்றியவருக்கும் சிகிச்சையை ஊருக்குக் கொண்டுபோக முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே பழைய முன்மாதிரி உண்டு. சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையினர், அந்தப் பத்தாண்டின் இறுதியிலேயே இன்றைய திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் முகாம் போட்டு, நோயாளிகளை ஊரிலேயே தங்கவைத்துச் சிகிச்சை தரத் தொடங்கினார்கள். சென்னைக்கு வா என்று சீட்டு எழுதுவதற்குப் பதில் சென்னையிலிருந்து கிளம்பிப் போனார்கள்.

எதை எடுத்துக்கொள்வது?

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று கேட்டால், நம்மைப் போன்ற நாட்டுக்கு அடித்தளம் கோவா வழியாகத்தான் இருக்க முடியும். 8-க்கும் 20-க்கும் இடைப்பட்டவரே எண்ணிக்கையில் அதிகம். அவர்களில் 12-ஐத் தொட்ட ஆண்களுக்கு, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர் ஒருவர் நான்கு சந்திப்பில் செய்ததை எண்கள் காட்டிவிட்டன. ஆனால் அமெரிக்க வழியின் ஒரு பகுதியைத் தூக்கி எறியவும் முடியாது. தரம் பிரிக்கும் அந்தப் பழக்கம் தேவை. நிறுத்தினால் வலிப்பு வரக்கூடியவரையும் வராதவரையும் பிரித்தறியாமல் எல்லோரையும் இங்கேயே பார்க்கிறேன் என்பது உயிரோடு விளையாடுவது.

ஆக, மாற்ற வேண்டியது பரிந்துரையின் பொருள்தான். ஆபத்தான அந்த முதல் வாரத்துக்கு மட்டும் அனுப்புவது. அனுப்பும்போது ஆலோசகரே மறுமுனையில் பேசி நாள் குறித்துக் கொடுப்பது. முடிந்தால் கூடவே போவது. படுக்கையிலிருந்து இறங்கியதும் ஆளை மறுபடி தன் நிலையத்துக்கே வாங்கிக்கொண்டு, மாத்திரையும் சந்திப்பும் மாதக்கணக்கில் தொடர்வது. கோவா ஆலோசகரின் வேலை 19-இல் நிற்காமல் 20-க்கு மேலும் நீண்டால் அதன் வடிவம் ஏறக்குறைய இதுவாகத்தான் இருக்கும். இது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியது அல்ல. காசநோய்க்கு மாத்திரை விழுங்கும்வரை பக்கத்தில் நின்ற அமைப்பு நம் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குப் பழக்கமானது.

இதற்கு நிலையத்துப் பதிவேட்டில் மூன்று கட்டங்கள் வேண்டும். சீட்டு எழுதிய தேதி, போய்ச் சேர்ந்த தேதி, ஆறு மாதம் கழித்து அவருடைய ‘ஆடிட்’ மதிப்பெண். முதல் கட்டத்தை நிரப்புவது எல்லோருக்கும் எளிது. அமெரிக்கா 17,000 முறை நிரப்பியது. இரண்டாவதை நிரப்ப ஓர் ஆள் வேண்டும். மூன்றாவதை நிரப்ப அந்த ஆளுக்குச் சம்பளமும், மருந்தலமாரியில் நால்ட்ரெக்சோனும், ஆறு மாதம் பொறுக்கும் நிர்வாகமும் வேண்டும். இனி எந்தத் திட்டத்தையும் எத்தனை லட்சம் பேரிடம் கேள்வி கேட்டது என்று விசாரிக்க வேண்டாம். மூன்றாவது கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று விசாரித்தால் போதும்.